மணியின் காது

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

நாய் பழக்குகிறவரின் தகுதியை எதை வைத்து முடிவுசெய்வது? எனக்குத் தெரியவில்லை.

என் நாய் மணி தபால்காரரைக் கடித்துவிட்டான். இன்னொரு முறை கடித்தால் அடித்துக் கொன்றுவிடுவோம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். இன்று பொம்மிடியிலிருந்து ஒருவர் வந்தார். போலீஸ் நாய்களைப் பழக்கியதாகச் சான்றிதழ் காட்டினார். அவர் பெல்ட்டை உருவியதும் மணி கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டான்.

“பாத்தீங்களா மேடம், அதுக்குள்ள அடங்கிட்டான்.”

பால் ஊற்ற வந்த மாதம்மாள் சிரித்தாள். “அடங்கலைங்க டீச்சரம்மா, பயந்துக்கிச்சு. காதுல சீழ் நாத்தம் அடிக்குது, பாக்கலீங்களா?”

பார்த்திருக்கலாம். பார்க்காமல், சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, நாளை முதல் வரச் சொன்னேன்.

வெள்ளி

பொம்மிடிக்காரர் வந்ததும் மணியின் காதைப் பிடித்து இழுத்தார். மணி அவர் கையைக் கடித்துவிட்டான். மாலையில் பஞ்சாயத்து ஆட்கள் அவனைக் கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.