காயாத ரோஸ் வண்டி

சிவகாசி,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தனித்தனியாக நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒன்றாக நலமாக இருக்க நம் அய்யனார் துணை இருப்பார். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், வீடியோவில் பேசினால் வண்டி தெரிந்துவிடும். அதனால்தான் எழுதி, மெல்போர்னுக்குத் திரும்புகிற விருதுநகர் ஹரிபிரசாத் கையில், மிளகாய்ப்பொடிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். பார்த்துப் பிரி, பொடி கண்ணில் பட்டுவிடப் போகிறது. காகித ஓரத்தில் ரோஸ் கலரில் விரல் ரேகை இருந்தால் பயப்படாதே, அது என்னுடையதுதான், அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்தது. மாடி ஒழுகல் நின்றுவிட்டது, பழைய பூச்சை உதிர்த்துப் புதிதாகப் பூசியாகிவிட்டது. பங்குனிப் பொங்கலுக்கு நீங்கள் வரும்போது பேரனுக்கு அய்யனார் கோயிலில் முதல் முடி இறக்குகிறோம், கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், அவர்கள் கண்ணுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உன் அம்மா உள்ளேயும் வெளியேயும் வெள்ளையே அடிக்கச் சொல்லிவிட்டாள். பெயிண்டர் வழக்கம்போல முனியராஜ்தான். நல்ல மனுஷன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிறவன், இவ்வளவும் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புழக்கடையில் வேப்பமரத்தடியில் நின்ற நம் அச்சு பிரஸ் பிக்கப் வண்டியை மறந்திருக்க மாட்டாய், மூக்கு நீண்ட அந்தக் காலத்து வண்டி, லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தாயில்பட்டி, அச்சங்குளம் என்று பட்டாசுக் கம்பெனி கம்பெனியாகப் போய் வந்தது. பிரஸ்ஸைக் கைமாற்றியபோது இதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நான்தான் கொடுக்க மறுத்துவிட்டேன் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல். சாத்தூர் மெக்கானிக் வந்து என்ஜினை ஓட விட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, ஆசை யாரை விட்டது. குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பம் மொத்தமும் இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்றேன். பானையும் விறகும் கிடாயுமாக லோடு வண்டியில் ஏறிப் போனால்தான் அது கோயிலுக்குப் போவது, ஏசி வேனில் போனால் அது டூர். உன் அம்மாவோ சம்பந்தியைத் தகர வண்டியில் ஏற்றினால் நம் மானம் என்ன ஆவது, வேன்தான் என்று நின்றாள். சரி, வண்டியைப் புதுசாக்கிக் கண்ணில் காட்டினால் மனசு மாறிவிடும் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டு வேலைக்காகச் சாமான் அறையை ஒழித்தபோது பிரஸ்ஸில் மிச்சமிருந்த மை டப்பாக்கள் கிடைத்தன, எல்லாம் ரோஸ், வெடிப் பெட்டியில் புடவைக்காரிப் படம் அடிப்போமே அதே ரோஸ். இவ்வளவு நாள் காகிதத்தில் கலர் அடித்தவன் ஒரு தகரத்தில் அடிக்க மாட்டேனா என்று, முனியராஜிடம் இதையே வண்டிக்கு அடித்தால் என்ன என்று கேட்டேன். அவன், அடிச்சிரலாம் மொதலாளி, கண்ணாடி மாதிரி மின்னும் என்றான். மையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, பிரஸ் ரப்பர் ரோலரை எடுத்து, கூரை முதல் கதவு விளிம்பு வரை நானே உருட்டினேன். என்ன மினுமினுப்பு தெரியுமா தாயி, அதில் என் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டேன். லேபிளில் அடித்த மை மறுநாள் காலையில் காய்ந்திருக்கும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். காகிதம் மையைக் குடிக்கும், தகரம் குடிக்காது, இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றிலிருந்து வண்டி காயவில்லை. தீப்பெட்டிக் குச்சியும் வெடியும் காகிதமும் காய்கிற இந்த வெயிலில், வாசலில் தள்ளி நிறுத்தியும் காயவில்லை. முதலில் ஒரு கோழி ஒட்டியது, பிய்த்து விட்டோம், பாதி இறகு வண்டியிலேயே நின்றுவிட்டது. அப்புறம் முனியராஜ் வண்டியில் சாய்ந்து டீ குடித்துவிட்டு, அதே முதுகோடு போய்ப் புதிதாக வெள்ளை அடித்த முன்சுவரில் சாய்ந்தான். முழு முதுகும் அப்படியே அச்சாகிவிட்டது. பிரஸ் வாழ்க்கையில் எனக்கு அப்படி ஓர் அச்சு விழுந்ததில்லை, சட்டைத் தையல்கூடத் தெரிகிறது. துடைத்தால் பரவுகிறது, மேலே வெள்ளை அடித்தால் அந்த வெள்ளையும் ரோஸாகி விடுகிறது. சீசன் ஆர்டர் கொடுக்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் வாசலில் இறங்கி, இது எந்தக் கம்பெனி விளம்பரம், இந்த வருஷப் புது வெடியா என்று கேட்டு இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்டுவிட்டுப் போனார், கும்பிட்ட கை பிரியச் சிரமப்பட்டது.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. பிரஸ்ஸில் ஒரு தாளின் மை அடுத்த தாளில் ஒட்டாமல் இருக்க மாவு போலப் பவுடர் தூவுவோம் இல்லையா, அதைத் தூவினால் ஒட்டாது என்று தோன்றியது. பவுடருக்கு எங்கே போவது, அடுப்படியில் ஒரு தூக்குச்சட்டி நிறைய வெள்ளையாக இருந்தது, எடுத்துத் தூவிவிட்டேன். அது மாப்பிள்ளைக்கு முறுக்குச் சுட உன் அம்மா இடித்துச் சலித்து வைத்திருந்த அரிசி மாவு. மாவுக்கு எறும்பு வந்தது. வந்த எறும்பு போகவில்லை, வரிசை கலையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டிக்கு ஜரிகை பார்டர் போட்ட மாதிரி இருக்கிறது. மறுநாள் கோயிலுக்கு நேர்ந்து வளர்க்கிற வெள்ளைக் கிடாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மாவை நக்கி, உடம்பைத் தேய்த்து, இப்போது ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ரோஸ். பதறிப்போய்ப் பூசாரியிடம் கேட்டேன். அவர் வந்து கிடாயை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமி கலரு கேக்கலய்யா, தண்ணி தெளிச்சா தலையச் சிலுப்பணும், அம்புட்டுத்தான் என்றார். அந்த மட்டில் அய்யனார் பெரிய மனசுக்காரர்.

உன் அம்மாவுக்கு அந்த மனசு வரவில்லை. மாவுச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவள் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எது சொல்வதானாலும் முனியராஜ் வழியாகத்தான் வருகிறது. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, மேஸ்திரி, சோறு ஆறுதுன்னு உங்க மொதலாளிகிட்டச் சொல்லிருங்க என்கிறாள். அவனும் ஏணியிலிருந்து இறங்கி வந்து, மொதலாளி, சோறு ஆறுதாம், அம்மா சொல்றாக என்கிறான். பதிலுக்கு நான் வருகிறேன் என்றால் அதையும் திரும்பப் போய்ச் சொல்கிறான். சுவர் வேலை பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணம். போன வாரம் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள், அவுக அந்த வண்டியிலயே போகட்டும், நான் வேன்ல போறேன், பேரனுக்கு முடி இறக்குற எடத்துல ஆளுக்கொரு பக்கமா வந்து எறங்குவோம், ஊரு பாக்கட்டும், செத்தாலும் அந்த வண்டியில என் காலு படாது என்று. முனியராஜே இதைச் சொல்வதற்கு முன்னால் கழுவின பிரஷ்ஷையே இரண்டு தடவை கழுவினான்.

மனசு கஷ்டமாக இருக்கிறது தாயி. அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், திட்டாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. பேரன் தலையில் முதல் முடி இறங்கும்போது நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நின்றால் அது என்ன விசேஷம்? சாத்தூரில் ஒருவர், தின்னர் போட்டு எல்லாவற்றையும் துடைத்து, வண்டிக்கு அடிக்கிற பெயிண்ட்டையே முறையாக அடித்துத் தருகிறேன், பங்குனிக்குள் காய்ந்துவிடும் என்கிறார். ஆனால் அவள் ஏற மாட்டேன் என்றால் எனக்கு அந்த வண்டி எதற்கு, இரும்புக் கடையில் போட்டுவிட்டு நானும் வேனில் ஏறிவிடுகிறேன். அதற்கு முன்னால் நீ ஒரு தடவை பேசிப் பார். நான் சொன்னதாகச் சொல்லாதே. மெதுவாக, அம்மா, அந்த வண்டி முன் சீட்டில்

இங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன், சோறு ஆறுகிறது என்று செய்தி வந்தது. இப்போதுதான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாதான் பரிமாறினாள். ரசம் ஊற்றக் குனிந்தபோது பார்த்தேன், இடது முழங்கையில் ரோஸ். லேசான தீற்றல் இல்லை, நல்ல அழுத்தமான பட்டை. அவளுக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முனியராஜும் பார்த்துவிட்டான், வாயைத் திறந்தான், நான் ஒரு முறை முறைத்தேன், சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டான். சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவுகிற சாக்கில் வாசலுக்குப் போனேன். இடது கதவின் ஜன்னல் விளிம்பில், மாவும் எறும்பும் நீங்கி, ஒரு முழங்கை அகலத்துக்கு மையை வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது. வெளியே நின்று உரசினால் அந்த இடத்தில் அப்படிப் படாது தாயி. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழங்கையை வெளியே வைத்துச் சாவகாசமாகத் தெருவைப் பார்த்தால்தான் படும். சீட்டில் அவளுடைய விசிறியும் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

அதனால் நீ அம்மாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். முழங்கையைப் பற்றி மூச்சு விடாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லாதே, அவர் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். சாத்தூர்க்காரருக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன், கலர் மட்டும் இதே ரோஸ்தான் வேண்டும் என்றேன். வேனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, கேட்டால் வேன் கிடைக்கவில்லை என்று முனியராஜ் சொல்வான்.

பேரனுக்கு வேளாவேளைக்குப் பால் கொடு, பொழுது சாய்ந்த பிறகு தலைக்கு ஊற்றாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். வரும்போது வெள்ளைத் துணி ஒன்றும் கொண்டு வராதே, சம்பந்தியிடமும் ஜாடையாகச் சொல்லிவிடு. முன் சீட்டு உனக்கு என்று நினைத்திருந்தேன், அதற்கு ஆள் ஆகிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பின்னால் கிடாயோடு உட்காருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பலவேசம்