பதினோராவது தலை

ஜூன் 3

நாலு எச்சரிக்கைப் பெட்டி தயார். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் சூடு ஏறினால் நர்ஸின் போனுக்கு உடனே செய்தி போகும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரம் சோதித்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் யாரிடம் காட்டுவது? இருபத்து நாலாம் தேதி ஆஸ்பத்திரிக்காரர்கள் வரும் கண்காட்சியில் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் மேசை. என் விண்ணப்பம் நவம்பரிலிருந்து அங்கே தூங்குகிறது.

பழைய ஆபீசில் ஜூலை ஒன்று வரைதான் என் இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் திரும்பப் போய்ச் சேர்ந்துவிடுவதாக இவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏன் ஒப்புக்கொண்டேன்?

ஜூன் 5

என் பையன் உருண்டை தவழ்ந்து சாலிடரிங் மேசைக்குப் போய்விட்டான். போன உயிர் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

ஜூன் 9

சங்கத்தில் செயற்குழுக் கூட்டம். நேரில் போய்க் கெஞ்சலாம் என்று கிளம்பினால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாருக்குக் காய்ச்சல். இடுப்பில் தூக்கிக்கொண்டே போனேன்.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். என் பெயர் எழுதினேன். "பாப்பா பேரும் எழுதும்மா. உள்ள போற ஒவ்வொரு தலைக்கும் ஒரு வரி வேணும்." பதற்றத்தில் வீட்டில் கூப்பிடும் 'உருண்டை'தான் வந்தது. 'உறுப்பினரா, விண்ணப்பதாரரா' என்ற கட்டத்தில் எனக்கு நேரே விண்ணப்பதாரர் என்று நேர்மையாக எழுதினேன். அவனுக்கு என்ன எழுதுவது? விட்டுவிட்டேன்.

உள்ளே பத்துப் பேர். ஒருவர் தொழில்முனைவோருக்கு வழிகாட்டி. ஒருவர் வழிகாட்டிகளுக்கு வழிகாட்டி. இன்னொருவர் முதலீட்டாளர்களைத் தெரிந்தவர்களைத் தெரிந்தவர். கையால் எதையாவது செய்கிறவர் என்று அங்கே டீ போடுகிறவர் மட்டும்தான் தெரிந்தார். ஏழு மாதமாகக் கோரம் சேரவில்லையாம், கூட்டம் செல்லுபடியாகப் பதினோரு உறுப்பினர்கள் வேண்டுமாம். செயலாளர் ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டில் உறுப்பினர் வரிகளை மட்டும் விரலால் எண்ணினார். "பதினொண்ணு!" என்றார். கைதட்டினார்கள். உருண்டையும் தட்டினான்.

பதினாலு தீர்மானங்கள் நிறைவேறின. என் விண்ணப்பத்தின் முறை வந்தபோது எல்லோரும் பசி என்று எழுந்துவிட்டார்கள்.

ஜூன் 12

தபாலில் இரண்டு கடிதங்கள். ஒன்று எனக்கு: 'உங்களை நன்கறிந்த உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவு இல்லாததால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.' இன்னொன்று 'உயர்திரு உருண்டை அவர்களுக்கு': வருகைக்கு நன்றி, இளம் தொழில்முனைவோர் துணைக்குழுவில் தங்களைச் சேர்த்துக்கொள்வதில் பெருமை.

நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உறுப்பினர் என்று அர்த்தமாம்!

செயலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், அது என் பையன். எட்டு மாசம்தான் ஆகுது."

"எட்டு மாசத்துலயே இந்த அளவுக்கு வந்துட்டாரா? கெட்டிக்காரர்மா."

"பொறந்தே எட்டு மாசம் சார்!"

குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இதை வெளிய சொல்லிடாதீங்க. கோரம் இல்லன்னு ஆயிடும். பதினாலு தீர்மானமும் போச்சு."

"அப்ப என் விண்ணப்பம்?"

"உங்களை நல்லாத் தெரிஞ்ச உறுப்பினர்தானே வேணும்? வீட்டுலயே ஒருத்தரை வச்சுக்கிட்டு என்னைக் கேக்குறீங்களே!"

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் கட்டை விரலை மையில தோய்ச்சு வையி, வேலை முடிஞ்சுது."

ஜூன் 13

வைக்கலாமா? ஒரு டிகிரி கூடினாலும் மறைக்காது என்று சொல்லித்தானே இந்தப் பெட்டியை விற்கப் போகிறேன். முதல் காகிதமே பொய்யா? ஆனால் மேசை கிடைக்காவிட்டால் — எட்டு மாசப் பிள்ளையை விட்டுவிட்டுக் காலையில் எட்டு மணி பஸ். ஐயோ. தலை வெடிக்கிறது. ஒரு கைநாட்டுதானே? ஒரு கைநாட்டா?

ஜூன் 16

சொல்லிவிட்டேன்.

இன்றைய கூட்டத்துக்கும் உருண்டை வந்தால்தான் கோரம் என்பதால் செயலாளரே கார் அனுப்பியிருந்தார். கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றேன். "இவன் கைக்குழந்தை. உங்க நோட்டுல இருக்கிறது தப்பு. போன கூட்டமும் செல்லாது. பொய்யான முன்மொழிவு எனக்கு வேண்டாம்."

செயலாளர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இருபது நிமிஷம். பிறகு, "குறைஞ்சபட்ச வயசுன்னு இதுல எங்கயும் இல்லையே" என்றார்.

உடனே வாக்கெடுப்பு. உறுப்பினருக்கு வயது தடையல்ல என்று தீர்மானம். அதற்குக் கோரம் வேண்டும், அதற்கு அவன் வேண்டும், அவன் செல்லுவானா என்பதற்குத்தான் இந்தத் தீர்மானமே! கேட்டேன். "ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும்மா. கூரை நிக்கலியா?" என்றார் வழிகாட்டிகளின் வழிகாட்டி.

தலைவர் உருண்டையின் பக்கம் குனிந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "இந்தம்மாவை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

அவன் தலைவரைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி என் கழுத்தில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லாவே தெரிஞ்சிருக்கு. முன்மொழிஞ்சாருன்னு எழுதிக்கங்க."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூன் 24

மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில். அதனால் எல்லோரும் ஒருமுறையாவது என்னைக் கடந்து போனார்கள். மூன்று மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக்கிடங்கு அம்மாள் நின்றார். எதுவும் கேட்கவில்லை. சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பத்தே வினாடியில் என் போன் அலறியது. "போன வருஷம் இருந்திருந்தா ஒரு பெட்டி மருந்தைக் கொட்டியிருக்க மாட்டேன்" என்றார். பன்னிரண்டு வேண்டுமாம். ஜூலை பத்தாம் தேதிக்குள்.

இனிமேல் செய்ய வேண்டிய எட்டுக்கு மூடியே இல்லை!

ஜூலை 2

ஏழாவது பெட்டி முடிந்தது. திருகிக்கொண்டிருந்தபோது இவர் வந்து நின்று, "நேத்துத்தானே நீ ஆபீஸ்ல சேர வேண்டிய நாள்?" என்றார்.

நேற்றா?

"அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுங்க" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மூடிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.