தெருவுக்குப் போட்ட ஹீட்டர்

நவம்பர் 11, திங்கள்
பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே கண்ணில் பட்டது. மாடி ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருக்கின்றன, உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது. நகரசபையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, சுவர்களுக்குக் குளிர் தாங்கும் காப்பு வைத்து, கூரை அறையில் காற்றோட்டப் பொறி பொருத்தியது இதற்குத்தானா? இந்தக் குளிர்காலத்தில் எரிவாயுச் செலவு குறைந்தால்தான் பழைய கொதிகலனைத் தூக்கிவிட்டு மின்சார வெப்பப் பம்பு தருவார்கள். இல்லையென்றால் இன்னும் இருபது வருடத்துக்கு இதே புகைதான். மார்ச்சில் முடிவு. அக்டோபர்க் கணக்கோ போன வருடத்தைவிட அதிகம்.

நவம்பர் 14
கேஷேயிடம் கெஞ்சிப் பார்த்தேன். இசை ஆசிரியை, என்னைவிட மூத்தவள், மணி அடித்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பவள். எவ்வளவு குளிரிலும் ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவதுதான் இந்த ஊர்ப் பழக்கம். வீட்டில் நானும் அப்படித்தான். ஆனால் இங்கேதான் பொறி இருக்கிறதே, அதுவே காற்றை மாற்றிக்கொள்ளும் என்றேன்.
"டோமா, அறைக்குள்ள காத்து செத்துக் கிடக்கு. எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கும்மா."
மூக்காம்.

நவம்பர் 25
தலைமையாசிரியரிடம் சொல்லி, பராமரிப்பாளர் வியார்டை வைத்து மாடி ஜன்னல் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டேன். ஆசிரியர் அறையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. தேநீர் ஊற்றுவது கேஷே. எல்லாருக்கும் இந்த ஊர் வழக்கப்படி மூன்று தடவை ஊற்றினாள், மூன்று தடவையும் என் கோப்பையைத் தாண்டிப் போனாள். எங்கள் ஊரில் இதைவிட ஒருத்தியைக் கேவலப்படுத்த முடியாது. போகட்டும். எனக்கென்ன.

நவம்பர் 26
எனக்கென்னவா? ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

டிசம்பர் 3
கேஷே வகுப்பில் பிள்ளைகளுக்குத் தலைவலி. ஒரு பெண் வாந்தியே எடுத்துவிட்டாள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டே என் ஆய்வகத்திலிருந்து கரியமில வாயு அளக்கும் கருவியை எடுத்துப் போனேன். வகுப்பு பாதி முடிவதற்குள் சிவப்பு விளக்கு.

வியார்டோடு கூரை அறைக்கு ஏறினேன். பொறி சத்தமே இல்லாமல் நிற்கிறது. திரையில் 'கோடை விடுமுறை'. ஆகஸ்டில் பொருத்திவிட்டுப் போனவர்கள் மாற்றவே இல்லை! எல்லாரும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்ததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நானாவது ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்தேனா? அடச்சீ, என்ன இயற்பியல் ஆசிரியை நான்.

டிசம்பர் 4
பொறி ஓடுகிறது. கைப்பிடிகள் திரும்ப வந்துவிட்டன. எல்லார் முன்னாலும் கேஷேயிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். தேநீர் ஊற்றவில்லை.

ஜனவரி 14
காற்று இப்போது சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஜன்னல்கள்? அதே திறப்புதான்! கருவியைக் கேஷேயின் மேசையில் வைத்து, பச்சை விளக்கைப் பார் என்றேன்.
"மேல ஒரு பெட்டி நாலு மாசமா தூங்கிச்சு. இந்தப் பெட்டிய மட்டும் நான் எதுக்கு நம்பணும்?"
கருவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். டிசம்பர்க் கணக்கும் குறையவில்லை. தோற்றுவிட்டோம் என்றே தோன்றுகிறது.

ஜனவரி 28
கடலிலிருந்து புயல். ஜன்னலைத் தொடவே முடியாது. கேஷேகூட நாள் முழுக்க மூடியே வைத்திருந்தாளாம். சாயங்காலம் நடைவழியில் என்னை நிறுத்தினாள். "இன்னிக்கு ஒரு பிள்ளையும் கொட்டாவி விடல," என்றாள், ஏதோ என்மேல் குற்றம் சொல்வதுபோல. அவ்வளவுதான், போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்
நகரசபைக் கூட்டம். நான் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை. குளிர்காலம் மொத்தத்துக்கும் செலவு கூடியிருக்கிறது, பிறகென்ன பேச்சு என்றார் தலைவர். புயலுக்குப் பிறகு ஜன்னல்கள் மூடியிருந்த பிப்ரவரியில் மட்டும் செலவு பாதியாகக் குறைந்ததை எத்தனை தடவைதான் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேஷே. வந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.
"ஐயா, மத்த மாசமெல்லாம் தெருவுக்கு ஹீட்டர் போட்டது நாங்கதான். முதல்ல பொறி ஓடல, ஓடினப்புறம் நாங்க நம்பல. பிப்ரவரியிலதான் மூடினோம். எங்க பிடிவாதத்துக்குக் கட்டடத்தத் தண்டிக்காதீங்க."
தலைவர் பிப்ரவரிக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். வாக்கெடுப்பு நடந்தது. கொதிகலன் போகிறது.

மார்ச் 7
எனக்கும் மூன்று கோப்பை.

மே 20
கேஷேயின் வகுப்பில் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. நல்ல வெயில், ஹீட்டர் அணைந்திருக்கிறது. கீழே நின்று அவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வந்தேன்.