பிரிக்காத இருபது மாத்திரைகள்

மச்சான்,

இதை எழுதும் மேசைமேல் உன்னுடைய மாத்திரை அட்டைகள் இரண்டு கிடக்கின்றன. அட்டைக்குப் பத்து, மொத்தம் இருபது. ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை. ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து அலகு குத்திய நாள்வரை பத்து நாளும் நீ தொடாமல் வைத்தவை இவை. போன வருஷம் நீ போய் எட்டு மாதம் கழித்து எனக்கும் அதே வியாதி, அதே மாத்திரை என்று தெரிந்ததும், உன் வீட்டிலிருந்து மஞ்சப்பையில் போட்டு அனுப்பினார்கள். "அவுக போடாம விட்டது, வீணாப் போவானேன்" என்று சொல்லி அனுப்பினாளாம் உன் பெண்டாட்டி. செத்தவன் மிச்சம் வைத்ததை நோயாளிக்குப் பார்சல் கட்டுகிற சிக்கனம் நம் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு வரும்?

எனக்கு வாழ்க்கைப்பட்ட உன் தங்கச்சி அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "எங்கண்ணன் தானா நிறுத்திருக்காது. எவனோ ஒருத்தன் வாய்க்கு வந்ததச் சொல்லிக் கெடுத்திருக்கான். அவன் நல்லாவா இருப்பான்?" என்றாள். சொல்லிக்கொண்டே என் உள்ளங்கையில் என் மாத்திரையை வைத்தாள். நானும் வாங்கி விழுங்கினேன்.

அந்த எவனோ நான்தான். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். எனக்குப் பழகிய வேலை அதுதான். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நீ எதைச் செய்தாலும் ஊர் பார்க்க வேண்டும். கிணற்றில் குதித்தால் பார்க்க வேண்டும், புது வேட்டி கட்டினால் பார்க்க வேண்டும். அலகு குத்தியதும் அந்த வகைதான். பக்தி என்று நீ சொல்லிக்கொள்வாய். இருபத்துமூன்று வருஷம் ஒரு சாண் வேலைக் கன்னத்தில் குத்தி, அதன் முனையில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாயே, அப்போது உன் கண் அம்மனைப் பார்த்ததைவிட மாடியில் நின்ற ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

இருபத்துமூன்று வருஷமும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அதுதான் உன் சொத்து. குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் விரதத்தில் குறை என்று நம் ஊருக்கு அர்த்தம். அதற்குப் பிறகு அவன் பத்து நாளும் எங்கே தின்றான், எங்கே படுத்தான் என்று அடுத்த திருவிழா வரைக்கும் டீக்கடையில் ஆராய்ச்சி நடக்கும். ஆராய்ச்சி செய்கிறவர்களில் பாதிப்பேர் காப்புக் கட்டிய அன்றைக்கே ஆலங்குடிக்கு பஸ் ஏறிப் போய் பிரியாணி தின்றுவிட்டு வருகிறவர்கள். அந்தக் கூட்டத்திடம் நல்ல பெயர் வாங்கத்தான் நீ உயிரைப் பிடித்துக்கொண்டு அலைந்தாய்.

போன வருஷத் திருவிழாவுக்கு ஆறு மாதம் முன்னால் உன் இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. டாக்டர் இரண்டு விதமாக மாத்திரை கொடுத்தார். துடிப்பை அடக்க ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று. நீ என் கடைக்கு வந்து, எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டை நீட்டினாய். "புடிச்சுப் பாரு மாப்ளே, கல்யாண மேளம் மாதிரி அடிக்கிது." நான் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், எனக்குத் தெரியாத கரண்டா? "காயில் போச்சு மச்சான், கழட்டிட்டு வேற கட்டணும்" என்றேன். நீ சிரித்தாய். நான் எதைச் சொன்னாலும் நீ சிரிப்பாய்.

போன வருஷம் காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னாலும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாய். மோட்டார் வாங்க வந்த ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு ஆள் இருந்தால் வாய் நிற்காது. "மச்சான், ரத்தம் உறையாத மாத்திரையப் போட்டுக்கிட்டு இந்த வருசம் வேலக் குத்துனேன்னு வையி, போர் போட்ட எடத்துல தண்ணி பீச்சுற மாதிரி பீச்சியடிக்கும். மஞ்சத்தண்ணிக்கே வேல இருக்காது, ஒன் ரத்தத்துலயே ஊரு வெளையாடிரும்" என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தடவினாய். அதை நான் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "ஏன் மாப்ளே, அந்த மாத்திரைய ஒரு பத்து நாளு விட்டா என்ன ஆவும்?"

எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "என்ன ஆவும்? மழக்காலத்துல மோட்டார் மாசக்கணக்கா ஓடாமக் கெடக்குதுல்ல, கெட்டா போவுது?" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுக் குனிந்து காயிலுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் பூசாரி உன் கன்னத்தில் விபூதியை அப்பி வேலைச் செலுத்தினார். ஒரு சொட்டு வரவில்லை. ஊரே கும்பிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, வாயில் வேலோடு புருவத்தை உயர்த்திக் காட்டினாய். பார்த்தாயா என்று அர்த்தம். நானும் பார்த்தேன்.

அலகு குத்திய நாலாம் நாள் காலையில் உன் வயல் மோட்டார் கொட்டகையில் பல் விளக்கிக்கொண்டிருந்த உனக்கு வாய் கோணிக்கொண்டது, வலது கை விழுந்தது, பேச்சு போனது. புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு வாரம் கிடந்தாய். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டபோது எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள், நீ என்னைப் பார்த்தாய். உனக்குப் பேச வரவில்லை. அதனால் நான் தப்பித்தேன். இதைவிடக் கேவலமாக ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா?

பிறகு என் முறை வந்தது. கடையில் ஒரு மோட்டாரைத் தூக்கி வைத்தபோது நெஞ்சுக்குள் கோழியைப் பிடித்து அமுக்கியது போல ஒரு படபடப்பு. மாத்திரைக்கு அடங்கவில்லை. திருச்சியில் அப்லேஷன் செய்யச் சொன்னார்கள். "உள்ள கரண்ட் தப்பான வழியில பாயுது, அந்த வழியச் சுட்டு அடைக்கணும்" என்றார் டாக்டர். காயில் கட்டுகிற நான் அதைக் கேட்டுக்கொண்டு வாய் பேசாமல் படுத்திருந்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

நானும் அலகு குத்திக்கொண்டேன் என்று வைத்துக்கொள். உன் வேல் ஒரு சாண்தான். எனக்குத் தொடை இடுக்கில் குத்தி நெஞ்சுவரை கம்பியை ஏற்றினார்கள். மேளம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. ரத்தம் வந்தது. நர்ஸ் சாவகாசமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீட்டில் என்ன குழம்பு என்று பக்கத்து நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விரதத்தில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் கிடந்தேன். மறுநாள் தொடை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "சுட்ட எடம் ஆற மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் அப்பப்ப தாறுமாறா அடிக்கும், பயப்படாதீங்க. ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரைய மட்டும் ஒரு வேளகூட விடக் கூடாது. எப்ப நிறுத்துறதுன்னு நாங்கதான் சொல்லணும்." பக்கத்தில் நின்ற உன் தங்கச்சி கேட்டாள்: "பத்து நாளு விட்டா என்னங்க ஆவும்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "பத்து நாளா? ஒரு நாள் விட்டாலே தப்பும்மா." நீ கேட்ட அதே கேள்வி. கேட்க வேண்டிய ஆளிடம் அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகு நலம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது. ஒருவர் நெஞ்சுக்கு நல்லது என்று மருதம்பட்டையை இடித்துக்கொண்டு வந்தார். ஒருவர், "அதான் ஆப்ரேசன் ஆயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திர? கம்பெனிக்காரன் பொழைக்கவா?" என்று கேட்டார். ஆளாளுக்கு டாக்டர். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவர் முகத்திலும், குனிந்து வார்னிஷ் பூசிக்கொண்டிருந்த என்னையே பார்த்தேன்.

போன ஞாயிறு பூசாரி வந்தார். இந்த வருஷம் காப்புக் கட்டப்போகிறார்கள். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தார்: "அண்ணே, ஒங்க மச்சான் எடம் சும்மா கெடக்கு. ஆத்தா ஒங்களப் பொழைக்க வச்சிருக்கா. அவரு வேல நீங்க குத்துங்க. மாத்திர பத்தி யோசிக்காதீங்க, ஒரு பத்து நாளு நிறுத்திக்கிட்டாப் போதும்."

உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். மச்சான், முப்பது வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "பத்து நாளு. பத்து நாளா? எங்கண்ணனுக்கும் நீங்கதான் சொன்னீகளா? நீங்கதானா அது?" பூசாரி எழுந்துவிட்டார். "அக்கா, ஆத்தா சத்தியமா நான் சொல்லல" என்றார். "கோயில் வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துறேன், ஒங்க குடும்பம் வெளங்காது" என்றாள்.

என் நெஞ்சு அப்போது தாறுமாறாகத்தான் அடித்தது. பேசாமல் இருந்தால் அந்த ஆள் தலையில் விழுந்துவிடும், எனக்கு விடுதலை. ஒரு நொடி அப்படியும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். பூசாரி தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர விடு. நான்தான் சொன்னேன்" என்றேன். கடை, ஸ்டூல், போர்த் தண்ணி, மோட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி காபியைக் குடிக்காமலே படியிறங்கிப் போனார்.

அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க சொன்னப்ப அது சிரிச்சுச்சா?"

"சிரிச்சான்" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, ஒரு வார்த்தை இல்லை. காலையும் சாயங்காலமும் எட்டு மணிக்கு மாத்திரை வருகிறது. ஒரு நிமிஷம் முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. உள்ளங்கையில் மட்டும் வைப்பதில்லை, தண்ணீர்ச் செம்பின் மூடிமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். இன்று காலை அந்த மூடிக்குப் பக்கத்தில் உன் அட்டைகள் இரண்டும் இருந்தன. பீரோவைத் திறந்து எடுத்து வைத்திருக்கிறாள். வைத்துக்கொள் என்றாளா, பார்த்துக்கொள் என்றாளா, சொல்லவில்லை. எனக்குத் தூக்கிப் போடக் கை வரவில்லை. மேசைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, உனக்கு இதை எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னபடி நடுநடுவே இதயம் ஒரு அடி தப்பி அடிக்கிறது. அப்போதெல்லாம் நீ ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டுகிறாய். நீ ஒரு வடிகட்டின முட்டாள், மச்சான். ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பயந்தவன். உன்னைவிடப் பெரிய முட்டாளிடம் வந்து யோசனை கேட்டவன். நீ இல்லாமல் எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லை.

மூடிமேல் இருந்த மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டேன், உன்னைச் சிரிக்க வைத்த அதே வாயால்.