பெயர்ப்பலகையோடு துறைமுக வாசலில்

அன்புள்ள அம்மா,

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே இரண்டு நாள் நின்ற சுற்றுலாக் கப்பலில் வந்த ஒரு தம்பதிக்கு, நானே ஊர்சுற்றத் திட்டம் போட்டிருந்தேன். முதல் நாள் பாங்காக் கோயில்கள், மறுநாள் படகுச்சந்தை. வாடகை வேனை நிறுத்திவிட்டு, அவர்கள் பெயர் எழுதிய பலகையோடு துறைமுக வாசலில் நின்றேன். அந்த வாசலில் சவாரி பிடிக்கும் டாக்ஸிக்காரன் பிரசித் வந்தான்.

"எங்க வாசல்ல நின்னு எங்க சோத்துலயே கை வைக்கிறியாடி?"

பலகையைப் பிடுங்கி வாயிலேயே அடித்தான். நான் அவன் கையை எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவன் ஆட்கள் வேன் கண்ணாடியை நொறுக்கினார்கள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பதியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அரைமணிதான் தாமதம்.

இரண்டு பல் போனதால் கஞ்சிதான் குடிக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த கப்பல், அதே வாசல். அதற்குள் நம் வீட்டு உலக்கையை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். பப்பாளிக்காய் சாலட் இடிக்கத்தான்.

அவசரமாக,
மகள் கன்லயா