ஆறு வருடம் வாசித்த பெயர்

பம்பாய்,
14.3.1978

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? காப்பிப் பூவுக்கு மழை பெய்ததா?

உங்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். பம்பாய்க்கு வந்த புதிதில் இங்குள்ள தமிழ்ச் சபையில் பெயர் கொடுத்ததோடு சரி. ஆறு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. போன ஞாயிறு போய்க் கடைசி பெஞ்சில் ஒளிந்து உட்கார்ந்தேன். வழிவிலகியவர்களுக்காக ஜெபிக்க, போதகர் பெயர்களை வாசித்தார். நம் ஊர்ப் பேரோடு "மஞ்சக்குட்டை மத்தேயு" என்றதும், எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்க ரைட்டர் பேர் கூப்பிடுகிற நினைப்பில் எழுந்து, "வந்துட்டேனுங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். திருநெல்வேலிக்காரரான போதகர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருசமா வாசிக்கேன். இன்னைக்குத்தான் பதில் வந்திருக்கு" என்றார்.

பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் ரைட்டர் பேரை வெட்டிவிடுவார். கர்த்தர் வெட்டவில்லை, அம்மா. அந்தப் பட்டியலிலேயே முதலில் பதில் சொன்னவன் நம் எஸ்டேட்காரன் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.

மில்லில் எனக்குப் பேர் 'மதராசி' தான். காப்பித்தூள் அனுப்பும்போது பொட்டலத்தின் மேல் என் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது.

உங்கள் மகன்,
மஞ்சக்குட்டை மத்தேயு