ரோஸ் நிறத் துரை

மார்ச் 4

என் அருமை அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன் என்றால் விஷயம் இருக்கும். ஆமாம், நம் துரை விஷயம்தான்.

நீ வேலைக்குக் கிளம்பிப் போன ஒன்பதாம் நாள், உன் வெள்ளெலி துரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேனே, அது பச்சைப் பொய். அன்று காலை பட்டறையைத் திறந்தால், கூண்டுக்குள் சுருண்டு கிடந்தான். எழுந்திருக்கவே இல்லை. என்னை நம்பி விட்டுப் போனாய். ஒன்பது நாள்கூடக் காப்பாற்றத் துப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ, "இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று போனை வைத்தாய். அதோடு சரி.

என்றாவது நேரில் உண்மையைச் சொல்லிவிடலாம், நீ வந்து வழியனுப்பும்வரை எறும்பு அண்டக் கூடாதே என்று, பல்செட் கட்டுகிறவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பிளாஸ்டர் கரைத்து அவன்மேல் ஊற்றி, கட்டியாக்கி அலமாரியில் வைத்தேன்.

இப்போது பட்டறை மாடிக்கு மாறுகிறது. ஆள் வந்து வாங்காமல் போன பல்செட் கட்டிகள் முப்பத்தாறு அதே அலமாரியில் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. இதில் துரை எது? மடையன், பெயர் எழுதி வைக்கவில்லை! ஒவ்வொன்றாகப் பிளக்கிறேன். இதுவரை பதினொன்று. அத்தனையும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

திட்டியாவது நாலு வரி எழுது.

உன் தம்பி,
பல்லுக்காரன்

மார்ச் 9

அக்கா! அக்கா! கிடைத்துவிட்டான்!

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. இருபத்தேழாவது கட்டி. பழக்க தோஷம் பார், அன்று அழுதுகொண்டே ஊற்றியபோதும் கட்டியின் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே சோப்புத் தண்ணீர் தடவியிருக்கிறேன். உளியை வைத்ததும் பூப்போலத் திறந்துகொண்டது. உள்ளே ஊசி ஊசியாய் நாலு எலும்பு, மற்றபடி வெறும் பள்ளம். ஆனால் என்ன பள்ளம்! சுருண்டு தூங்குகிற துரை அப்படியே! ரோமம் ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறது!

பள்ளத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கைக் குழைத்து அடைத்து, வேகவைத்து எடுத்துவிட்டேன். இடது காதில் ஒரு பிசிறு. வார்ப்புக் குறை என்று அரத்தைக் கையில் எடுத்தேன். சட்டென்று ஞாபகம் வந்தது, கூண்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்த காது! அரத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். பல் அளவு கொடுக்க வந்திருந்த வாத்தியார் பயந்தே போனார்.

எலும்பைப் பூந்தொட்டியில் புதைக்கட்டுமா? நீ சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

தம்பி

மார்ச் 17

டேய் பல்லுக்காரா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சலவைக் கூடத்தில் மலையாய்க் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில், கூட வேலை செய்கிறவர்கள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ரோஸ் நிறமாடா? துரை பார்த்திருந்தால் மானம் போச்சு என்று மண்ணுக்குள் பூந்திருப்பான்!

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் கிளம்புவதற்கு முன்பே அவன் தீனியைத் தொடவில்லை. டாக்டரிடம் காட்டினேன். பத்து நாள் தாங்கினால் அதிசயம் என்றார். பக்கத்தில் இருந்து பார்க்கத் தைரியம் இல்லாமல், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் தலையில் கட்டிவிட்டு வந்தேன். சாகிற நேரத்தில் அவனை அந்நியர் கையில் தள்ளிவிட்டாயே என்றுதான் உன்மேல் அத்தனை ஆத்திரம். தள்ளிவிட்டு வந்தவள் நான். நீ கடைசிவரை வைத்திருந்தாய். என்னை மன்னித்துவிடு, தம்பி.

தொட்டி வாங்கி வை, ஆனால் எலும்பைத் தொடாதே. பத்து நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு அந்த ரோஸ் துரையையும் சட்டைப்பையில் போட்டு எடுத்து வா.

அன்று கூண்டருகில் குனிந்து, "போயிட்டு வரேன்டா"ன்னுதான் அவனிடம் சொன்னேன். வரேன்டா.

அக்கா